ஜெர்மனில் 'அதைவிட', 'எல்லாவற்றிலும்'

சாத்தனூர் அணையை விட வேங்கிக்கால் ஏரி சிறியது. இந்த வாக்கியத்தில் 'சிறியது' என்ற சொல் மாறவில்லை. ஒப்பிடும் வேலையை 'விட' பார்த்துக்கொள்கிறது. ஜெர்மனில் பெயரடையே மாறும். சிறிய என்பதற்குரிய 'க்ளைன்' முதலில் 'க்ளைனர்' ஆகும். எல்லாவற்றிலும் சிறியது என்னும்போது 'அம் க்ளைன்ஸ்டன்' ஆகும். எதை விட என்பதைக் காட்ட 'அல்ஸ்' வரும்.

இந்த விகுதிகள் பழையவை. ஜெர்மனின் முந்தைய நிலையான பழைய மேல் ஜெர்மனில் 'அதைவிட' என்ற ஒப்பு நிலைக்கு 'இரோ', 'ஓரோ' என இரண்டு வடிவங்கள் இருந்தன. பின்னால் வந்த இகரம் முன்னிருந்த உயிரைத் தன் பக்கம் இழுத்தது. அதனால்தான் 'அல்ட்' (பழைய) 'எல்டர்' ஆனது, 'வார்ம்' 'வெர்மர்' ஆனது. பிறகு இகரம் தேய்ந்து மறைந்தது. உயிர் மாற்றம் மட்டும் தங்கிவிட்டது. எந்தச் சொல் மாறும், எது மாறாது என்பதற்கு இன்று உறுதியான விதி கிடையாது. நலமான என்னும் பொருளுள்ள 'கெஸுண்ட்' இரண்டு வகையிலும் வரும். 'கூட், பெஸ்ஸர், பெஸ்ட்' போன்ற ஒழுங்கற்றவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. 'அல்ஸ்' பிற்பாடு வந்து அமர்ந்த சொல். அதற்கு முன் அந்த இடத்தில் 'டென்' இருந்தது. 'முன்னெப்போதையும் விட' என்ற பொருளில் வரும் 'டென் யே' தொடரில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. பேச்சில் பலர் 'வீ' என்கிறார்கள். இலக்கண நூல்கள் அதை ஏற்பதில்லை.

உச்ச நிலையைக் காட்டும் 'ஸ்ட்' விகுதிக்குத் தமிழ்நாட்டிலும் உறவு உண்டு. சமஸ்கிருதத்தின் 'இஷ்ட', கிரேக்கத்தின் 'இஸ்டோஸ்', ஜெர்மனின் 'ஸ்ட்' மூன்றும் ஒரே மூலத்தவை. சிரேஷ்டர், கனிஷ்டர் என்ற சொற்களிலும், 'ஜேஷ்டா' என்பதிலிருந்து வந்த கேட்டை நட்சத்திரத்தின் பெயரிலும் அந்த விகுதி மறைந்திருக்கிறது. கேட்டையில் பிறந்தவர் அறியாமலே ஓர் உச்ச வடிவத்தைச் சுமக்கிறார்.

தமிழ் தானாக இப்படி ஒரு விகுதியை ஆக்கிக்கொள்ளவில்லை. தொல்காப்பியம் ஒப்பீட்டை ஐந்தாம் வேற்றுமையில் வைத்தது. நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நன்னூல் அவ்வேற்றுமைக்கு நான்கு பொருள்களை வகுத்தது. 'விட', 'காட்டிலும்', 'பார்க்கிலும்' ஆகியவை விடு, காட்டு, பார் என்னும் வினைகளிலிருந்து பிறந்தவை.

இந்த வேறுபாட்டை நேரில் சந்தித்தவர்கள் ஜெர்மானியப் பாதிரிமார். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு தம் தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதினார்; அது 1716-இல் ஹாலே நகரில் அச்சாயிற்று. லைப்சிக் மிஷனின் கார்ல் கிரால் 1855-இல் தமிழ் இலக்கணச் சுருக்கம் ஒன்றையும், மறு ஆண்டு திருக்குறளின் ஜெர்மன் மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். விவிலியத்திலும் இந்த வேறுபாடு தெரியும். லூதரின் ஜெர்மன் விவிலியம் கடவுளை உச்ச வடிவத்தில் 'ஹேக்ஸ்டே' என்கிறது. தமிழ் விவிலியத்தின் 'உன்னதமானவர்' என்பதில் உயரம் உண்டு, உச்ச விகுதி இல்லை.

திராவிட மொழிகள் விகுதியின்றி ஒப்பிடும் முறை செமித்திய மொழிகளின் முறையை நெருங்கியது என்று திராவிட மொழிகளை ஆராய்ந்த கால்டுவெல் 1856-இல் எழுதினார். எபிரேயமும் 'இதிலிருந்து பெரியது' என்றே ஒப்பிடும். நன்னூல் நீங்கலையும் ஒப்பையும் ஒரே வேற்றுமையில் சேர்த்ததும் இதே போக்குதான். விகுதி இருந்தும், பழைய மேல் ஜெர்மனும் சில இடங்களில் ஒப்பிடப்படும் பெயரை இடைச்சொல் இல்லாமல் வேற்றுமை வடிவிலேயே நிறுத்தியது. அவ்வழக்கு பின்னர் ஒழிந்தது.