மதமாற்றமும் குருதித் தூய்மையும்: ஸ்பெயின் யூதர் வெளியேற்றத்தின் (1492) வேர்கள்

முன்னுரை

ஆண்டைச் சொன்னதுமே நிகழ்வு நினைவுக்கு வரும் ஆண்டுகள் யூத வரலாற்றில் சில உண்டு. எருசலேம் ஆலயத்தை உரோமானியர் அழித்த கி.பி. 70 அவற்றுள் ஒன்று; ஸ்பெயினிலிருந்து யூதர் வெளியேற்றப்பட்ட 1492 மற்றொன்று. அவ்வாண்டு ஜனவரி 2ஆம் நாள் கிரனடாவின் முஸ்லிம் அரசு அரகோன் மன்னர் பெர்டினான்ட், காஸ்டீல் அரசி இசபெல்லா இணையரிடம் சரணடைந்தது. மார்ச் 31ஆம் நாள் அதே கிரனடாவில் யூதர் வெளியேற்ற ஆணை கையெழுத்தாயிற்று. ஆகஸ்ட் 3ஆம் நாள் கொலம்பஸ் பாலோஸ் துறைமுகத்திலிருந்து கப்பலேறினார். நாள்கள் இப்படி அடுத்தடுத்து விழுந்திருப்பதால், போரில் வென்ற கையோடு நாட்டை ஒரே சமயத்தின்கீழ்க் கொண்டுவர முனைந்த மன்னர்கள் யூதரை விரட்டினர் என்று பொது வரலாற்று நூல்கள் எளிதில் சொல்லி முடித்துவிடுகின்றன.

இந்த விளக்கம் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். வெளியேற்ற ஆணை ஒரு நூற்றாண்டுச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. 1391இல் வன்முறையின் நிழலில் பெருந்திரளாக நடந்த மதமாற்றம், யூதரும் அல்லாத, அயலார் கண்ணில் முழுக் கிறிஸ்தவரும் அல்லாத ஒரு கூட்டத்தை உருவாக்கியது. அக்கூட்டத்தை ஏற்க மறுத்தவர்கள் நம்பிக்கையை விட்டுவிட்டுப் பிறப்பை அளவுகோலாக்கினர். அந்தச் சிக்கலைத் தீர்க்க அரசு எடுத்த நடவடிக்கைகளுள் ஒன்றுதான் 1492 ஆணை. அது யூதர்மேல் பாய்ந்தாலும், அதன் குறி மதம் மாறியவர்களே.

1391: கும்பல் தந்த திருமுழுக்கு

எசிகா நகரின் ஆர்ச்டீக்கனான பெர்ரான் மார்ட்டினெஸ் 1378 முதல் செவில் நகரில் யூதருக்கு எதிராகப் போதித்துவந்தார். அரசரும் பேராயரும் அவரை ஓரளவு அடக்கிவைத்திருந்தனர். 1390இல் இருவருமே இறந்தனர். காஸ்டீல் அரியணை 11 வயதுச் சிறுவன் மூன்றாம் என்ரிக்கேயின் கைக்கு வந்தது. அடக்குவார் இல்லாத நிலையில், 1391 ஜூன் மாதம் செவில் யூதர் குடியிருப்பைக் கும்பல் சூறையாடியது. அங்கிருந்த தொழுகைக்கூடங்கள் தேவாலயங்களாயின. கோடை முடிவதற்குள் கலவரம் கோர்தோபா, டொலேடோ எனப் பரவி, அரகோன் அரசின் வலென்சியா, பார்சிலோனா, மயோர்க்கா வரை எட்டியது. அரகோன் யூதரின் தலைமை அறிஞரான ஹஸ்தாய் கிரெஸ்காஸ் பார்சிலோனாவில் தம் ஒரே மகனைப் பறிகொடுத்தார். அழிவின் விவரத்தை அவிஞோன் சமூகத்துக்குக் கடிதமாக எழுதினார்.

யூதர்மீதான வன்முறை ஐரோப்பாவுக்குப் புதிதல்ல. 1096இல் சிலுவைப் போர்க் கும்பல்கள் ரைன் நதிக்கரைச் சமூகங்களைத் தாக்கியிருந்தன. 1290இல் இங்கிலாந்து தன் யூதரை வெளியேற்றியிருந்தது. 1391ஐத் தனித்துக் காட்டுவது மதம் மாறியோரின் தொகை. பல்லாயிரக்கணக்கானோர் சில மாதங்களுக்குள் திருமுழுக்குப் பெற்றனர். கும்பல் கலைந்ததும் அவர்கள் பழைய சமயத்துக்குத் திரும்பியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். திருச்சபைச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. யூதரைக் கட்டாயப்படுத்தலாகாது என்று 633இல் கூடிய நான்காம் டொலேடோ சங்கம் விதித்தது. ஆனால் ஏற்கெனவே கட்டாயத்தால் திருமுழுக்குப் பெற்றவர் கிறிஸ்தவராகவே நீடிக்க வேண்டும் என்றும் அதே சங்கம் விதித்தது. உள்ளே வரும் வழியைக் கத்தி திறந்தது. வெளியேறும் வழியைச் சட்டம் அடைத்தது.

போதனையும் சட்டமும்

வன்முறை தொடங்கியதைப் போதனை தொடர்ந்தது. பிற்காலத்தில் புனிதராக உயர்த்தப்பட்ட டொமினிக்கன் துறவி வின்சென்ட் பெர்ரர் 1411 முதல் காஸ்டீல் நகரங்களில் மதமாற்றப் போதனை நடத்தினார். 1412இல் வல்லதோலித் சட்டங்கள் யூதரைத் தனிக் குடியிருப்பில் அடைத்து, அவர்கள் செய்துவந்த பல தொழில்களையும் தடுத்தன. 1413 பிப்ரவரி முதல் 1414 நவம்பர் வரை டொர்தோசாவில் 69 அமர்வுகளாக ஒரு சமய வாதம் நடந்தது. எதிர்த்திருத்தந்தை பதின்மூன்றாம் பெனடிக்ட் கூட்டிய அந்த அவையில் கிறிஸ்தவத் தரப்பில் வாதிட்ட ஹெரோனிமோ தெ சாந்தா பே, அண்மையில் மதம் மாறிய யூத மருத்துவர். பர்கோஸ் நகர ரபியாக இருந்த சாலமோன் ஹலேவி, பாப்லோ தெ சாந்தா மரியா என்ற பெயரில் அதே நகரின் ஆயரானார்.

இவர்களின் ஏற்றம் கவனத்துக்குரியது. ஒரு தலைமுறைக்குள் மதம் மாறியோரின் பிள்ளைகள் நகராட்சியிலும் அரசுக் கருவூலத்திலும் திருச்சபைப் பதவிகளிலும் அமர்ந்தனர். யூதராக இருந்தவரை அவர்களுக்கு மூடிக்கிடந்த கதவுகள் இவை. கன்வெர்சோக்கள் என்றும் புதுக் கிறிஸ்தவர் என்றும் அழைக்கப்பட்ட இவர்களோடு போட்டியிட நேர்ந்த பழைய கிறிஸ்தவரின் பொறாமையே அடுத்த கட்டத்தின் எரிபொருள்.

டொலேடோ, 1449

கிறிஸ்தவர் யார் என்ற எல்லைக் கோடு நம்பிக்கையிலிருந்து பிறப்புக்கு இடம் மாறிய ஆண்டு இது. அரசரின் வலக்கரமான அல்வரோ தெ லூனா, போர்ச் செலவுக்காக டொலேடோ நகரத்திடம் 10 லட்சம் மராவெதி நாணயம் கேட்டார். அதை வசூலிக்கும் பொறுப்பு கன்வெர்சோ வணிகரான அலோன்சோ கோத்தாவிடம் இருப்பதாக நகரத்தார் நம்பினர். ஜனவரி இறுதியில் அவர் வீடு எரிந்தது. கலகத்துக்குத் தலைமையேற்ற பெரோ சர்மியெந்தோ ஜூன் மாதம் ஒரு தீர்ப்புச் சட்டத்தை வெளியிட்டார். யூத வழிவந்த கிறிஸ்தவர் எவரும் டொலேடோவில் பொதுப் பதவி வகிக்கலாகாது; பழைய கிறிஸ்தவருக்கு எதிராக அவர்கள் சாட்சி சொல்வதும் செல்லாது என்றது அது.

வரிக் கலகத்தில் முளைத்த இந்தச் சட்டம் கிறிஸ்தவ இறையியலுக்கே முரணானது. திருமுழுக்கில் பழைய அடையாளங்கள் கரைந்துபோகின்றன என்பது திருச்சபையின் போதனை. ஆகவேதான் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் அதே ஆண்டு செப்டம்பரில் ஆணைமடல் விடுத்து, விசுவாசிகளிடையே பிறப்பால் பிரிவினை செய்வதைக் கண்டித்தார். பாப்லோவின் மகனும் அவருக்குப்பின் பர்கோஸ் ஆயராக இருந்தவருமான அலோன்சோ தெ கார்த்தஹேனா கிறிஸ்தவ ஒருமைப்பாட்டைக் காத்து நூலே எழுதினார். இறையியல் வாதத்தில் வென்றது இவர்கள் தரப்புதான். ஆனால் வீதியும் அரசியலும் எதிர்த்திசையில் சென்றன. 1451இல் அரசர் டொலேடோ கலகக்காரரை மன்னித்தார். 1467இல் டொலேடோவிலும் 1473இல் கோர்தோபாவிலும் கன்வெர்சோக்கள்மீது கலவரங்கள் வெடித்தன. 1391இல் கும்பல் யூதரைத் தாக்கி மதம் மாறச் சொன்னது. 1473இல் கும்பல் மதம் மாறியவர்களின் சந்ததியைத் தாக்கியது. திருமுழுக்கு இனிப் பாதுகாப்பில்லை என்பது தெளிவாயிற்று.

விசாரணை மன்றமும் வெளியேற்ற ஆணையும்

உள்நாட்டுப் போரைத் தாண்டி ஆட்சிக்கு வந்த இசபெல்லாவுக்கும் பெர்டினான்டுக்கும் இந்த நகரக் கலவரங்கள் ஆட்சி ஒழுங்கின் சிக்கல். 1478இல் திருத்தந்தை நான்காம் சிக்ஸ்துஸிடம் சமயப்பிழையை விசாரிக்கும் மன்றத்துக்கு அனுமதி பெற்று, 1480இல் விசாரணை அதிகாரிகளை அமர்த்தினர். 1481 பிப்ரவரியில் செவில் நகரில் முதல் தண்டனைச் சடங்கு நடந்தது. குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டோர் எரிக்கப்பட்டனர். 1483இல் தோமாஸ் தெ தோர்கெமாதா தலைமை விசாரணையாளரானார்.

இம்மன்றத்தின் அதிகார வரம்பைப் புரிந்துகொண்டால் பிந்திய நிகழ்வுகள் தெளிவாகும். திருமுழுக்குப் பெற்றவர்மீது மட்டுமே அதற்கு ஆட்சி உண்டு. யூதர் யூதராகவே வாழ்வது சமயப்பிழை அன்று. கன்வெர்சோ ஒருவர் வெள்ளி மாலையில் யூத ஓய்வுநாள் விளக்கேற்றினால் அது பிழை. அதே தெருவில், பல வேளைகளில் அதே குடும்பத்தில், யூதரும் கன்வெர்சோக்களும் கலந்து வாழ்ந்தனர். மன்றம் ஒருவரைத் தண்டிக்கும். அவருக்கு உண்ணாநோன்பு நாளைச் சொல்லித் தரும் உறவினர் மன்றத்தின் கைக்கு எட்டாதவர். இந்த இடைவெளியை அடைக்கும் முயற்சிகள் படிப்படியாக நடந்தன. 1480இல் டொலேடோவில் கூடிய நாடாளுமன்றம் யூதரைத் தனிக் குடியிருப்புகளுக்கு மாற்றச் சொன்னது. 1483இல் அந்தலூசியப் பகுதியிலிருந்து யூதர் வெளியேற்றப்பட்டனர். 1491 நவம்பரில், லா குவார்தியா ஊர்க் குழந்தை ஒன்றைக் கொன்றதாகப் புனையப்பட்ட வழக்கில் யூதரும் கன்வெர்சோக்களும் அவிலாவில் ஒன்றாகவே கொல்லப்பட்டனர். இரு தரப்பும் கூட்டுச் சதி செய்கின்றன என்ற எண்ணத்தை அவ்வழக்கு நாடெங்கும் விதைத்தது.

1492 ஆணையின் வாசகமே இந்த வரிசையைத் தன் காரணமாக அடுக்குகிறது. யூதரோடு கலந்து பழகுவதால் கிறிஸ்தவர் கெடுகின்றனர்; குடியிருப்பைப் பிரித்துப் பார்த்தோம், விசாரணை நடத்திப் பார்த்தோம், அந்தலூசியாவிலிருந்து அகற்றிப் பார்த்தோம், எதுவும் போதவில்லை; ஆகவே முழு நாட்டிலிருந்தும் அகற்றுகிறோம் என்பது அதன் சாரம். கிரனடா வெற்றியைவிட விசாரணை மன்றத்தின் பன்னிரண்டாண்டு அனுபவமே ஆணையின் முதுகெலும்பு.

மாற்று விளக்கங்கள்

கிரனடா வெற்றிக்குப் பிந்திய சமய ஒருமைக் கொள்கையே காரணம் என்போர் ஓர் உண்மைக்கு விடை சொல்ல வேண்டும். 1491 நவம்பரில் கிரனடா முஸ்லிம்களோடு செய்த ஒப்பந்தத்தில் அவர்களுடைய சமய உரிமையை இதே மன்னர்கள் உறுதி செய்தனர். காஸ்டீல் முஸ்லிம்கள் மதம் மாறவோ வெளியேறவோ வேண்டும் என்ற ஆணை 1502இல்தான் வந்தது. ஒரே சமயம் என்பதே முதல் நோக்கமாக இருந்திருந்தால் இந்தப் பத்தாண்டு இடைவெளி எதற்கு? முஸ்லிம்களுக்கு அப்போது மதம் மாறிய பெருந்திரள் ஒன்று இல்லை, யூதருக்கு இருந்தது. வேறுபாடு அங்கேதான்.

பொருளாசையே காரணம் என்பது இரண்டாவது விளக்கம். யூதர் பொன், வெள்ளி, நாணயம் எடுத்துச் செல்லக் கூடாதெனத் தடுக்கப்பட்டனர்; வீடும் நிலமும் அடிமாட்டு விலைக்குப் போயின. அரகோனுக்கான தனி ஆணையில் வட்டித்தொழிலும் குற்றச்சாட்டாகச் சேர்ந்தது. இவை மறுக்க முடியாதவை. ஆனால் நிலையாக வரி தந்தவர்களை இழப்பது கருவூலத்துக்கு ஆதாயமன்று. மேலும் 1492 நவம்பரில் மன்னர்கள் விடுத்த ஆணை, திருமுழுக்குப் பெற்றுத் திரும்புவோர் விற்ற விலையைக் கொடுத்துத் தம் சொத்தை மீட்டுக்கொள்ளலாம் என்றது. சொத்தே குறியென்றால் இப்படியொரு சலுகை பொருந்தாது. அரசவையின் மூத்த யூத நிதியாளர் ஆபிரகாம் செனெயோர் அவ்வாண்டு ஜூனில் குவாதலூப்பேயில் மன்னர்கள் முன்னிலையில் மதம் மாறித் தம் தகுதியோடு நீடித்தார். அவருடைய தோழர் இசாக் ஆபிரவனேல் மறுத்து நேப்பிள்ஸ் சென்றார்.

மூன்றாவது, ஆய்வாளரிடையே நீளும் விவாதம். கன்வெர்சோக்கள் உள்ளத்தால் யூதராகவே இருந்தனர் என்று இட்சாக் பேயரும் ஹாயிம் பெய்னார்ட்டும் வாதிட்டனர். அவர்களில் பெரும்பாலோர் உண்மைக் கிறிஸ்தவரே, சமயக் குற்றச்சாட்டு இனவெறிக்குப் போர்வை என்று பென்சியோன் நெதன்யாகு மறுத்தார். இரு தரப்பும் ஒரு பெருங்கூட்டத்தின் அகத்தை ஒரே சொல்லில் அளக்க முயல்கின்றன. பேயர் தரப்பு நம்பிய மன்றப் பதிவுகள் அச்சத்திலும் வதையிலும் பிறந்தவை. நெதன்யாகு நம்பிய ரபிகளின் தீர்ப்புரைகள் சட்டத் தேவைக்காக எழுந்தவை. உள்ளம் எதுவாயினும், நிறுவனங்கள் செய்தது ஒன்றே: மனிதரை அவர் பிறந்த குடியால் ஐயுற்றன. வரலாற்றாசிரியர் உறுதியாகக் காட்டக்கூடியது அதைத்தான்.

பின்விளைவுகள்

வெளியேறியோர் 3 லட்சம் என்று ஆபிரவனேல் எழுதினார். வரலாற்றாசிரியர் ஹென்றி கேமன் போன்றோர் மிகக் குறைந்த தொகையே சொல்கின்றனர். பலர் போர்த்துகலுக்குச் சென்றனர். அங்கே 1497இல் மன்னர் மனுவேல் அவர்களைக் கட்டாயமாக மதம் மாற்றினார். 1506இல் லிஸ்பன் கும்பல் அந்தப் புதுக் கிறிஸ்தவர்களைப் படுகொலை செய்தது. ஸ்பெயினில் நூறாண்டு எடுத்த கதை அங்கே பத்தாண்டில் முடிந்தது. ஒட்டோமான் அரசு ஏற்றுக்கொண்டவர்கள் சலோனிக்காவையும் இஸ்தான்புல்லையும் செபார்திய (ஐபீரிய வழி) யூதரின் மையங்களாக்கினர். 1488இல் பிறந்து குழந்தையாக ஐபீரியாவை விட்டுச் சென்ற யோசேப்பு காரோ, பின்னாளில் சபேத் நகரில் தொகுத்த சட்டநூல் ‘ஷுல்ஹான் அரூக்’ 1565இல் வெனிசில் அச்சேறியது.

இந்தியக் கரையும் இப்பின்விளைவுகளுக்கு விலக்கன்று. 1560இல் போர்த்துகீசியர் ஆண்ட கோவாவில் விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. 1563இல் அங்கே மூலிகை நூலை அச்சிட்ட மருத்துவர் கார்சியா தா ஓர்த்தா, ஸ்பெயினிலிருந்து வெளியேறிய யூதக் குடும்பத்தவர். அவர் இறந்தபின் அவர் சகோதரி கதரீனா எரிக்கப்பட்டார்; 1580இல் கார்சியாவின் எலும்புகளே தோண்டியெடுத்து எரிக்கப்பட்டன.

ஸ்பெயினுக்குள்ளே, யூதர் இல்லாமற்போன பின்னும் ஐயம் அடங்கவில்லை. துறவு சபைகளும் கல்லூரிகளும், யூத வழி கலவாத பிறப்பைக் காட்டும் குருதித் தூய்மைச் சான்று கேட்டன. 1547இல் பேராயர் சிலீசெயோ டொலேடோ பேராலயத்திலேயே அவ்விதியைக் கொண்டுவந்தார். இயேசு சபையின் இரண்டாம் தலைவர் தியேகோ லைனெஸ் கன்வெர்சோ வழியினர். அதே சபை 1593இல் அவ்வழியினரைச் சேர்க்க மறுத்தது. புனிதர் அவிலா தெரேசாவின் பாட்டனார் 1485இல் டொலேடோ மன்றத்தில் தண்டனை பெற்ற கன்வெர்சோ. விசாரணை மன்றம் 1834இல்தான் இறுதியாக ஒழிந்தது.

முடிவுரை

வெளியேற்றம் கன்வெர்சோச் சிக்கலைத் தீர்க்கும் என்று ஆணை எழுதியோர் நம்பினர். அதற்குப் பின்னரே குருதித் தூய்மை விதிகள் நாடெங்கும் பரவின என்பது அந்நம்பிக்கை பொய்த்ததற்குச் சான்று. இதை நாசி ஜெர்மனியின் இனச் சட்டங்களோடு அப்படியே சமன்படுத்துவது மிகை. இரண்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்த யோசேப் ஹயிம் யெருஷல்மி, மதமாற்றம் தடையை நீக்கியபோது பிறப்பு புதிய தடையாக எழுந்ததை இரு நாடுகளிலும் கண்டார். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்லவில்லை. அந்த எச்சரிக்கை தேவையானது.

1492 ஆணை செல்லாது என ஸ்பெயின் அரசு 1968இல் முறைப்படி அறிவித்தது. 2015இல் செபார்திய யூத வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை தர நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. வரலாற்றுக் கல்வியில் திருத்தம் இன்னும் எஞ்சியிருக்கிறது. யூதர் வெளியேற்றத்தைக் கிரனடா வெற்றியின் பின்னொட்டாகச் சொல்லும் பாடங்கள், 1391இலும் 1449இலும் தொடங்கி அதைச் சொல்ல வேண்டும். வலிந்து மதம் மாற்றப்பட்டவரையும் ஏற்காத சமூகம் தானே உண்டாக்கிய சிக்கலுக்கு, மாறாதவரைத் தண்டித்தது என்பதே அந்த நூற்றாண்டைப் பற்றிய நியாயமான தீர்ப்பு.