டிரங்க்

குமணன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் காலடியில் கிடப்பது டிரங்க் ரோடு. சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். அதற்கு யாரும் அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. இந்த ‘டிரங்க்’ இருக்கிறதே, அதுதான் ஆளுக்கொரு வேஷம் காட்டும்.

லத்தீன் பாஷையில் இதன் மூலச் சொல்லுக்கு ‘வெட்டுண்டது’ என்று அர்த்தம். கிளைகளைக் கழித்துவிட்டால் மிஞ்சும் மரம். தாவர சாஸ்திரிக்கு டிரங்க் என்றால் அடிமரம். வைத்தியருக்குத் தலையும் கைகால்களும் நீங்கலான உடம்பு. யானைப் பாகனுக்குத் துதிக்கை. மரத்தைக் குடைந்து பெட்டி செய்த காலத்தில் பெட்டிக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தகரத்துக்கு மாறிய பிறகும் விடவில்லை.

வேடிக்கை என்னவென்றால், ரயில்காரர்களும் சாலைக்காரர்களும் இதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். அவர்களுக்குக் கிளைகள் பிரிந்தால்தான் டிரங்க்! சென்னையிலிருந்து வடக்கே கல்கத்தா, தெற்கே திருச்சி, மேற்கே பெங்களூர் என்று போன மூன்று பெருஞ்சாலைகளுக்கும் வெள்ளைக்காரர்கள் ‘கிராண்ட் டிரங்க்’ பட்டம் சூட்டினார்கள். மேற்கே போனது பூவிருந்தவல்லி வழியாகப் போயிற்று.

டெலிபோன்காரர்கள் ஊருக்கு ஊர் ஓடும் கம்பியை டிரங்க் என்றார்கள். 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே நேரே எண்ணைச் சுழற்றிப் பேசும் வசதி வந்தது. நமக்கு வரப் பல வருஷம் ஆயிற்று. அதுவரை பதிவு செய்து காத்திருக்க வேண்டும். கிடைத்தால் மூன்று நிமிஷம்.

1964-இல் எங்கள் தெருவில் அரிசி மண்டியில் மட்டுமே டெலிபோன். மண்டிப் பையன் ஓடி வந்து, “அத்தை! பம்பாயிலிருந்து டிரங்க் வந்திருக்கு!” என்றான். அத்தைக்கு அங்கே ஒரே பிள்ளை, வேலையில் இருந்தான்.

“கனமாயிருக்குமே. ரெண்டு பேராப் பிடிச்சு இங்கே கொண்டு வந்து இறக்குங்கடா” என்று சொல்லிவிட்டு, அத்தை கூடத்து மூலையில் இருந்த அரிசிப் பானையை நகர்த்தி இடம் பண்ணினாள். பையன் சிரித்தான். விஷயத்தைப் புரியவைத்து அவளை மண்டிக்கு அழைத்துப் போவதற்குள் லைன் அறுந்துவிட்டது.

மறுநாள் தந்தி வந்தது. ஜுரத்தோடு கிடந்தவன் யாரையோ பிடித்துக்கொண்டு போய்ப் பேச முயன்றிருக்கிறான்.

பத்து நாள் கழித்து ரயிலில் அவனுடைய டிரங்க் வந்தது. அரிசிப் பானை நகர்ந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. அங்கேயே இறக்கினோம்.