மண்டப முகாமும் விரைவுச் சோதனையும்

தொற்றுநோய்க் காலத்தில் பலரை ஒருங்கே சோதித்து நோயாளரைப் பிரித்தறியும் முறை 2020இல் தோன்றிய புதுமையன்று. அதன் பழைய வடிவம் ஒன்றினை இராமநாதபுர மாவட்ட வரலாற்றில் காண்கின்றோம். தளவாய்புரத்தை அடுத்த இராசபாளையமும், கீழைக் கடற்கரை மண்டபமும் 1910இல் அமைந்த அம்மாவட்டத்தில் ஒருங்கே அடங்கியிருந்தன.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பெற்றது. அதன்பின் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் மண்டபம் வழியே கடல் கடந்தனர். இலங்கை அரசு அங்கு முகாம் ஒன்றை நடத்தி, பிளேக்கு, வாந்திபேதி, பெரியம்மை ஆகியன தன் நாட்டிற் புகாவண்ணம் காத்தது. உடலில் மறைந்துள்ள நோயை உடனே காட்டும் கருவி அன்று இல்லை. ஆதலின் சில நாள் தங்கவைத்து நோக்குதலே சோதனையாயிற்று. அக்காத்திருப்பின் சுமை தொழிலாளர்மேல் விழுந்தது.

2020இல் விரைவுக் கருவிகள் வந்தன. அவை கிருமியைக் காணவில்லை. கிருமியை எதிர்த்துக் குருதியில் தோன்றும் பொருளையே கண்டன. அப்பொருள் தோன்ற ஒன்றிரண்டு வாரம் செல்லும். மேலும், முடிவுகள் பெரிதும் மாறுபட்டமையின், இரு நிறுவனங்களின் கருவிகளைக் கைவிடுமாறு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 27-4-2020இல் மாநிலங்களைப் பணித்தது. தமிழகம் கிருமியையே காணும் ஆய்வக முறையைச் சார்ந்து நின்றது. அம்முறையும் தொற்றிய அன்றே நோயைக் காட்டுவதில்லை. ஆகவே தனிமைப்படுத்தலும் உடன் வேண்டப்பட்டது.

இவற்றால் யாம் துணிவது ஒன்று: கருவி விரையலாம், நோய் வெளிப்படும் காலம் விரையாது. ஆதலின், காத்திருக்கும் நாள்களில் கூலி இழப்போர்க்கு உணவும் உறையுளும் அளித்தல் சோதனையின் ஒரு கூறேயாம்.