கழுத்து இடைவட்டு நோய்

கழுத்து இடைவட்டு நோய் என்பது கழுத்து முள்ளெலும்புகளுக்கு இடையே அமைந்துள்ள வட்டுகள் தேய்வதாலோ பிதுங்குவதாலோ ஏற்படும் நோய்நிலை ஆகும். கழுத்து வலி, கழுத்து இறுக்கம், தோளிலிருந்து கைவிரல் வரை பரவும் வலி, மரத்துப்போதல் ஆகியன இதன் முதன்மையான அறிகுறிகளாகும். பேச்சு வழக்கில் இது ஜவ்வு விலகல், டிஸ்க் விலகல், கழுத்து எலும்புத் தேய்மானம் எனப் பலவாறு அழைக்கப்படுகிறது. உண்மையில் வட்டு தன் இடத்தைவிட்டு முழுவதுமாக விலகுவதில்லை. அதன் ஒரு பகுதியே வெளித்தள்ளுகிறது.

பெரும்பாலானோருக்கு இவ்வலி அறுவைச் சிகிச்சை இன்றியே சில வாரங்களில் தணிந்துவிடுகிறது. ஆனால் தண்டுவடம் அழுத்தப்படுமானால் நடையும் கைகளின் இயக்கமும் நிலையாகப் பாதிக்கப்படக்கூடும். எனவே இவ்விரு நிலைகளையும் வேறுபடுத்தி அறிவது இன்றியமையாதது.

அமைப்பு

மனிதக் கழுத்தில் 7 முள்ளெலும்புகள் உள்ளன. இவை மேலிருந்து கீழாக சி1 முதல் சி7 வரை எண்ணிடப்படுகின்றன. முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே வட்டு இல்லை. சி2 முள்ளெலும்புக்குக் கீழே, சி7-க்கும் முதல் மார்பு முள்ளெலும்புக்கும் இடையே உள்ளதையும் சேர்த்து, 6 வட்டுகள் உள்ளன.

ஒவ்வொரு வட்டும் இரு பகுதிகளால் ஆனது. வெளிப்புறத்தில் பல அடுக்குகளைக் கொண்ட உறுதியான நார்வளையமும், உட்புறத்தில் நீர் மிகுந்த கூழ் போன்ற கருவும் உள்ளன. வளர்ந்தவர்களின் வட்டில் பெரும்பகுதிக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. அருகிலுள்ள எலும்பிலிருந்து சிறிது சிறிதாகப் பரவி வரும் ஊட்டத்தையே அது நம்பியுள்ளது. இதனால் சேதமடைந்த வட்டு ஆறுவதற்குக் காலம் பிடிக்கிறது.

வட்டுக்கு நேர் பின்புறம் தண்டுவடமும், பின்பக்கவாட்டில் கைகளுக்குச் செல்லும் நரம்பு வேர்களும் உள்ளன. ஆகவே வட்டு எத்திசையில் பிதுங்குகிறது என்பதைப் பொறுத்தே நோயின் தன்மை அமைகிறது. பக்கவாட்டில் பிதுங்கினால் ஒரு கையில் வலி தோன்றும். நடுவில் பிதுங்கினால் தண்டுவடம் அழுத்தப்படலாம்.

காரணங்கள்

வயது கூடும்போது வட்டின் கரு நீரை இழந்து உயரம் குறைகிறது. நார்வளையத்தில் விரிசல்கள் தோன்றுகின்றன. முள்ளெலும்புகளின் விளிம்பில் எலும்பு முனைகள் வளர்ந்து, நரம்பு வெளிவரும் துளைகளைக் குறுக்குகின்றன. மரபுக்கூறுகள், புகைபிடித்தல், பழைய காயங்கள் ஆகியனவும் இதற்குத் துணைபோகின்றன.

பெரும்பாலான நோயாளிகளுக்குக் குறிப்பிட்ட காரண நிகழ்வு எதுவும் இருப்பதில்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள ராச்செசுடர் நகரில் 1976 முதல் 1990 வரை கழுத்து நரம்பு வேர் நோயால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய ஆய்வு 1994-இல் வெளியானது. இதில் 14.8 விழுக்காட்டினருக்கு மட்டுமே நோய் தொடங்குமுன் கடும் உழைப்போ காயமோ நேர்ந்திருந்தது.

தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோகிராம் ஆகும். தலையை 60 பாகை முன்குனிந்தால் கழுத்தின்மீதான விசை ஏறத்தாழ 27 கிலோகிராம் எடைக்கு ஈடாகும் என 2014-இல் வெளியான ஒரு கணினிவழிக் கணிப்பு கூறியது. இக்கணிப்பு செல்லிடப்பேசிப் பயன்பாடு தொடர்பாகப் பெரிதும் பேசப்பட்டது. எனினும் இது ஓர் இயந்திரவியல் மாதிரியின் முடிவே ஆகும். நோயாளிகளை ஆராய்ந்து பெற்றது அன்று. நெடுநேரம் அசையாமல் ஒரே நிலையில் இருப்பது தசைகளைக் களைப்படையச் செய்து வலியைத் தூண்டலாம். ஆயினும் அதனால் மட்டுமே வட்டு பிதுங்கும் என்பது நிறுவப்படவில்லை.

அறிகுறிகள்

வலி கழுத்தின் பின்புறத்திலோ தோள்பட்டை எலும்புகளுக்கு இடையிலோ தொடங்குவது வழக்கம். நரம்பு வேர் அழுத்தப்பட்டால் கையில் மின்சாரம் பாய்வது போன்ற வலி பரவும். பாதிக்கப்பட்ட கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் சிலருக்கு வலி குறைகிறது. நரம்பு வேர்களும் அவற்றுக்குரிய அறிகுறிகளும் பின்வருமாறு:

• சி5: தோள்புறத்தில் வலி, கையைப் பக்கவாட்டில் உயர்த்துவதில் வலுவிழப்பு.
• சி6: பெருவிரல் பக்கம் மரத்துப்போதல், முழங்கையை மடக்குவதிலும் மணிக்கட்டை மேல்நோக்கி மடக்குவதிலும் வலுவிழப்பு.
• சி7: நடுவிரல் மரத்துப்போதல், முழங்கையை நீட்டுவதில் வலுவிழப்பு. இவ்வேரே மிகுதியாகப் பாதிக்கப்படுகிறது.
• சி8: சுண்டுவிரல் மரத்துப்போதல், பிடியின் வலு குறைதல்.

இடக்கை வலி இதயத் தாக்கின் அறிகுறியாகவும் இருக்கலாம். நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியன உடன் இருந்தால் அதைக் கழுத்து வலி எனக் கருதிக் காத்திருத்தல் ஆகாது.

உடனடி கவனம் தேவைப்படும் நிலைகள்

தண்டுவட அழுத்தம் பல வேளைகளில் வலியின்றியே தொடங்குகிறது. இதனால் முதுமையின் இயல்பு எனக் கருதப்பட்டு நோயறிதல் தாமதமாவதுண்டு. பின்வரும் அறிகுறிகள் இருப்பின் மருத்துவரை விரைந்து காண வேண்டும்:

• சட்டைப் பொத்தான் போடுதல், எழுதுதல், சோறு பிசைதல் போன்ற நுண்ணிய கைவேலைகளில் தடுமாற்றம்.
• நடையில் தள்ளாட்டம், கால்களில் விறைப்பு.
• கழுத்தைக் குனியும்போது முதுகுத்தண்டு வழியே மின்னதிர்ச்சி போன்ற உணர்வு.
• சிறுநீர், மலம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்த இயலாமை.
• கை அல்லது காலின் வலு நாளுக்கு நாள் குறைதல்.

விபத்துக்குப் பின் தோன்றும் வலி, காய்ச்சலோ எடை இழப்போ கூடிய வலி, புற்றுநோய் அல்லது காசநோய் இருந்தவர்களுக்குத் தோன்றும் வலி ஆகியனவும் தாமதமின்றி ஆராயப்பட வேண்டியவை.

நோயறிதல்

மருத்துவர் தசைகளின் வலு, தொடுவுணர்வு, தசைநாண் மறிவினைகள் ஆகியவற்றைச் சோதிப்பார். தலையை வலியுள்ள பக்கம் சாய்த்து மேலிருந்து மெல்ல அழுத்தும் இசுபர்லிங் சோதனை 1944-இல் விவரிக்கப்பட்டது. அப்போது கையில் வலி பரவினால் நரம்பு வேர் அழுத்தப்பட்டிருக்க வாய்ப்புண்டு.

எக்சு-கதிர்ப் படம் எலும்புகளை மட்டுமே தெளிவாகக் காட்டும். வட்டு, நரம்பு, தண்டுவடம் ஆகியவற்றைக் காண எம்.ஆர்.ஐ. படம் தேவை. வலு குறைந்தாலோ, தண்டுவட அழுத்தம் ஐயுறப்பட்டாலோ, வலி பல வாரங்கள் தணியாவிட்டாலோ இது எடுக்கப்படுகிறது.

படத்தில் தெரியும் மாற்றங்கள் எல்லாம் நோய் ஆகா. சப்பானில் கழுத்து அறிகுறிகள் ஏதுமற்ற 1,211 பேரிடம் செய்யப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வில், 87.6 விழுக்காட்டினரின் எம்.ஆர்.ஐ. படத்தில் வட்டுப் பிதுக்கம் காணப்பட்டது. இருபது முதல் இருபத்தொன்பது வயதுள்ளவர்களிலும் பெரும்பான்மையினருக்கு இது இருந்தது. எனவே அறிக்கையில் "தேய்மானம்" என்ற சொல் இருப்பதாலேயே அஞ்ச வேண்டியதில்லை. படமும் உடற்சோதனையும் ஒன்றோடொன்று பொருந்தும்போதே முடிவுக்கு வர இயலும்.

சிகிச்சை

அறுவையற்ற சிகிச்சை

தண்டுவட அழுத்தமோ வளர்ந்துவரும் வலுவிழப்போ இல்லாதவர்களுக்கு இதுவே முதற்படி ஆகும். பிதுங்கிய பகுதி காலப்போக்கில் உடலாலேயே உறிஞ்சப்பட்டுச் சுருங்கக்கூடும். மேற்கூறிய ராச்செசுடர் ஆய்வில் ஏறத்தாழ 26 விழுக்காட்டினருக்கு அறுவை செய்யப்பட்டது. இறுதித் தொடர்கண்காணிப்பின்போது 90 விழுக்காட்டினர் அறிகுறிகள் இன்றியோ சிறிதளவு தொல்லையுடனோ இருந்தனர்.

முழுமையான படுக்கை ஓய்வு பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. வலி அனுமதிக்கும் அளவில் அன்றாட வேலைகளைத் தொடர்வது நல்லது. கடும் வலி தணிந்தபின் இயன்முறை மருத்துவரின் வழிகாட்டலில் பயிற்சிகள் தொடங்கப்படும். மோவாயைக் கிடைமட்டமாகப் பின்னிழுத்தல், தலை அசையாதவாறு நெற்றியை உள்ளங்கைக்கு எதிராக அழுத்துதல், தோள்பட்டைகளைப் பின்னோக்கிச் சேர்த்தல் ஆகியன பரவலாகக் கற்பிக்கப்படுபவை. பயிற்சியின்போது வலி கையில் மேலும் கீழிறங்கிப் பரவினால் அதை நிறுத்திவிட வேண்டும்.

கழுத்துப்பட்டை குறுகிய காலத்துக்கு மட்டுமே பயன்படும். நெதர்லாந்தில் 205 பேரிடம் செய்யப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வில், கழுத்துப்பட்டையுடன் ஓய்வு எடுத்தவர்களுக்கும் இயன்முறை மருத்துவம் பெற்றவர்களுக்கும், இரண்டும் இல்லாதவர்களைவிட முதல் 6 வாரங்களில் வலி விரைவாகக் குறைந்தது. 6 மாதங்களில் இவ்வேறுபாடு மறைந்துவிட்டது. பட்டையை மாதக்கணக்கில் அணிந்தால் கழுத்துத் தசைகள் வலுவிழக்கும்.

பாராசிட்டமால், ஐபுரூபன் போன்ற வலிநீக்கிகள் சிறிது காலம் உதவும். ஐபுரூபன் வகை மருந்துகளைத் தொடர்ந்து உட்கொண்டால் இரைப்பைப் புண், சிறுநீரகப் பாதிப்பு ஆகியன நேரலாம். தண்டுவட உறைக்கு வெளியே செலுத்தப்படும் இசுட்டீராய்டு ஊசி சிலருக்குத் தற்காலிகப் பயன் தரும். அரிதாகக் கடும் நரம்புப் பாதிப்பு ஏற்படலாம் என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 2014-இல் எச்சரித்தது.

முடிதிருத்தகங்களிலும் பிற இடங்களிலும் கழுத்தைத் திடீரெனத் திருப்பி நெட்டி முறிக்கும் வழக்கம் உண்டு. இவ்விசை கழுத்தின் வழியே மூளைக்குச் செல்லும் தமனியைக் கிழித்து, அரிதாகப் பக்கவாதத்தை உண்டாக்கக்கூடும். இடைவட்டு நோய் உள்ளவர்கள் இதனைத் தவிர்க்க வேண்டும்.

அறுவைச் சிகிச்சை

தண்டுவட அழுத்தம் மிதமாகவோ கடுமையாகவோ இருந்தாலும், கையின் வலு தொடர்ந்து குறைந்தாலும், பல வாரச் சிகிச்சைக்குப் பின்னும் தாங்கவியலாத வலி நீடித்தாலும் அறுவை பரிந்துரைக்கப்படுகிறது. தண்டுவட அழுத்தத்தில் அறுவையின் முதன்மை நோக்கம் பாதிப்பு மேலும் வளராமல் தடுப்பதே ஆகும். இழந்த திறன் முழுவதும் மீளும் என உறுதி கூற இயலாது. எனவே தாமதம் தீங்கானது.

கழுத்தின் முன்புறமாகச் சென்று வட்டை அகற்றி முள்ளெலும்புகளை இணைக்கும் முறையை இசுமித், இராபின்சன் ஆகியோர் 1955-இல் விவரித்தனர். 1958-இல் கிளோவர்டு மற்றொரு வடிவத்தை வெளியிட்டார். அசைவைக் காக்கும் செயற்கை வட்டுக்கு 2007-இல் அமெரிக்காவில் ஒப்புதல் வழங்கப்பட்டது. அறுவைக்குப் பின் சிலருக்குக் குரல் கம்மலும் விழுங்குவதில் சிரமமும் ஏற்படும். இவை பெரும்பாலும் தற்காலிகமானவை.

அன்றாடப் பராமரிப்பு

• கணினித் திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருத்தல் நன்று. மடிக்கணினியைச் சற்று உயர்த்தி வைத்துத் தனி விசைப்பலகையைப் பயன்படுத்தலாம்.
• அரை மணி நேரத்துக்கு ஒருமுறையாவது எழுந்து கழுத்தையும் தோளையும் அசைத்தல் வேண்டும்.
• தலையணையே கூடாது என்ற கருத்து சரியன்று. கழுத்து உடலுடன் நேர்கோட்டில் அமையும் உயரமே போதுமானது. குப்புறப் படுத்தலைத் தவிர்க்கலாம்.
• தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிப் பேசுதல் கூடாது.
• புகைபிடித்தலைக் கைவிடுதலும் நாள்தோறும் நடத்தலும் நன்மை தரும்.

இவற்றையும் பார்க்க

• முதுகெலும்பு
• தண்டுவடம்
• இயன்முறை மருத்துவம்