சிட்னி ஒலிம்பிக்கும் ஒரு புகார் மனுவும்

சிட்னி ஒலிம்பிக் என்றதும் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற கேத்தி ஃபிரீமன்தான் பலரது நினைவுக்கு வருவார். 2000ஆம் ஆண்டு, அந்தப் போட்டிகள் தொடங்க மூன்று வாரங்கள் இருந்தபோது வெளியான ஒரு தீர்ப்பு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஆனால், இன்று பொது அமைப்புகளின் அகப்பக்கங்களை உடற்பேறு குறைந்தோரும் பயன்படுத்த வேண்டும் என்று வாதாடுபவர்கள் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டுவது அந்தத் தீர்ப்பைத்தான்.

வழக்கைத் தொடுத்தவர் புரூஸ் மெகுவாயர். பிறவியிலேயே பார்வையற்றவர், ஆனால் கணினியில் கைதேர்ந்தவர். திரையில் தோன்றும் எழுத்துகளைப் பிரெய்ல் புள்ளிகளாக மாற்றித் தரும் கருவியை விரலால் தடவிப் படிப்பார். 1999ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் தேதி, ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவின் அகப்பக்கம் தம்மைப் போன்றோருக்கு மூடிய கதவாக இருப்பதாக ஆஸ்திரேலிய மனித உரிமை, சம வாய்ப்பு ஆணையத்தில் அவர் புகார் செய்தார்.

அப்படி என்ன சிக்கல்? பிரெய்ல் கருவியானாலும் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளானாலும் அதற்குத் தெரிந்தது எழுத்து மட்டும்தான். படத்தைக் கண்டால், அதன் பின்னால் எழுதி வைத்திருக்கும் சிறு விளக்கத்தைத் தேடும். 'நீச்சல்', 'அட்டவணை' என்று ஒரு சொல் இருந்தாலே போதும். அதுவும் இல்லையென்றால் அந்தப் படம் அவருக்கு வெறும் சுவர். தமிழ் எழுத்துருச் சிக்கலுக்குப் பயந்து தலைப்புகளைப் படமாகவே ஒட்டிவைத்த நம் அகப்பக்கங்களும் இதே தவற்றைத்தான் செய்தன.

மெகுவாயர் கேட்டவை மூன்று. படங்களுக்குச் சொல் விளக்கம் வேண்டும். போட்டி அட்டவணையிலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குச் செல்ல வழி வேண்டும். போட்டி முடிவுகளைப் படிக்க முடிய வேண்டும்.

ஏற்பாட்டுக் குழு மறுத்தது. ஒவ்வொரு விளையாட்டின் முகவரியையும் அவரே தட்டச்சு செய்து போய்க்கொள்ளலாமே என்றது. முடிவு அட்டவணைகளுக்கு 1,295 படிவங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் திருத்த இரண்டு மணி நேரம் ஆகும், கூடுதல் வசதிகளுக்கு 2 மில்லியன் ஆஸ்திரேலிய வெள்ளிக்கு மேல் செலவாகும் என்றும் கணக்குக் காட்டியது. கேட்பவருக்கு மலைப்பு வரத்தான் செய்யும்!

மெகுவாயர் தரப்பில் சாட்சியளித்த வல்லுநர்கள் யூட்டா டிரெவிரானசும் டாம் வொர்திங்டனும் அந்த மலைப்பைக் கலைத்தார்கள். படிவங்கள் அவ்வளவு இருக்காது, ஒன்றைத் திருத்தப் பத்து நிமிடம் போதும் என்பது அவர்கள் கருத்து. செய்வது எப்படி என்று தெரியவில்லை எனச் சொல்லவும் குழுவுக்கு வழியில்லை. புகாருக்கு ஒரு மாதம் முன்பே, 1999 மே 5ஆம் தேதி, அனைத்துலக இணையக் கூட்டமைப்பு இதற்கான வழிகாட்டியை வெளியிட்டிருந்தது. கட்டடம் எழும்பும்போதே சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் அமைப்பது எளிது; கட்டி முடித்தபின் படியை உடைப்பதுதான் செலவு. குழு காட்டிய கணக்கில் பெரும்பகுதி, தொடக்கத்தில் யோசிக்காததன் விலை என்றே கொள்ள வேண்டும்.

விசாரணை ஆணையர் வில்லியம் கார்ட்டர் 2000 ஆகஸ்ட் 24ஆம் தேதி தீர்ப்பளித்தார். 1992ஆம் ஆண்டின் உடற்குறைப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தைக் குழு மீறிவிட்டது, போட்டிகள் தொடங்கும் செப்டம்பர் 15ஆம் தேதிக்குள் அகப்பக்கத்தைச் சீர்செய்ய வேண்டும் என்றார். பார்வையுள்ள ஒருவரின் உதவியை அவர் நாடலாமே என்ற வாதமும் எடுபடவில்லை. கணினியில் அவ்வளவு தேர்ந்த ஒருவரிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது அகப்பக்கங்களை யாரும் மனத்தில் வைத்திருக்க வாய்ப்பில்லை. இருந்தும் 'சேவை' என்ற சொல்லுக்குள் அவையும் அடங்கிவிட்டன.

கெடு முடிந்தது. போட்டிகளும் முடிந்தன. அகப்பக்கம் முழுமையாகத் திருந்தவில்லை. நவம்பர் 6ஆம் தேதி, மெகுவாயருக்கு 20,000 ஆஸ்திரேலிய வெள்ளி இழப்பீடு தர ஆணையம் உத்தரவிட்டது. அவர் படிக்க விரும்பிய போட்டி முடிவுகள் அதற்குள் பழங்கதையாகிவிட்டன.

மலேசியாவில் உடற்பேறு குறைந்தோர் சட்டம் 2008ஆம் ஆண்டில் வந்தது. அதன் 30ஆம் பிரிவு, தகவலையும் தொடர்புத் தொழில்நுட்பத்தையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பெறும் உரிமையை அவர்களுக்கு வழங்கியது. மெகுவாயருக்குக் கிடைத்ததுபோல், அந்த உரிமை மீறப்பட்டால் தண்டனையோ இழப்பீடோ விதிக்கும் பிரிவு மட்டும் அச்சட்டம் இயற்றப்பட்டபோது அதில் இடம்பெறவில்லை.