சிக்னல் யாருக்காகக் காத்திருக்கிறது?

இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளை இருக்கிற வீடுகளில் 'ட்ராஃபிக் லைட் கன்ட்ரோலர்' ப்ராஜெக்ட்டைப் பார்க்காதவர்கள் குறைவு. ஒரு 8051 சிப், கொஞ்சம் எல்ஈடி, வண்டி வருவதைக் கண்டுபிடிக்க சென்சார். பூனாவில் இந்த மாதிரி சிப்புகளுக்கு நிரல் எழுதித்தான் என் பிழைப்பு ஓடுகிறது என்பதால், தெரிந்த பிள்ளைகள் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். எல்லா நிரலிலும் வண்டி இருக்கும். நடந்து போகிறவர் இருக்க மாட்டார். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை, இந்த மறதிக்கு வயசு அதிகம்.

இத்தனைக்கும் உலகின் முதல் சிக்னல் வந்ததே நடப்பவர்களுக்காகத்தான்! 1868 டிசம்பரில் லண்டன் பாராளுமன்றத்துக்கு வெளியே ஜே.பி. நைட் என்ற ரயில்வே இன்ஜினியர் அதை வைத்தார். குதிரை வண்டிகளுக்கு நடுவே சாலையைக் கடக்க எம்.பி.க்களே திண்டாடினார்களாம். பகலில் கைகாட்டி, இரவில் கேஸ் விளக்கு. சென்சார்? பக்கத்தில் நின்ற போலீஸ்காரரின் கண்தான். அடுத்த மாதமே கேஸ் கசிந்து வெடித்ததில் அவர் காயமடைந்தார்.

கண்ணுக்குப் பதில் கருவி வந்தது 1928-ல். அமெரிக்காவின் பால்டிமோரில் சார்லஸ் அட்லர் என்பவர் கம்பத்தில் மைக் வைத்தார். கிளைச்சாலையில் வருகிறவர் ஹாரன் அடித்தால் பச்சை விழும். (நம்ம ஊரில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!) நடப்பவர் அழுத்தும் பட்டனையும் அவர்தான் கொண்டுவந்தார். 1932-ல் லண்டனில், சக்கரம் ஏறினால் உணரும் சிக்னல். 1960-களில் தாருக்கு அடியில் கம்பிச்சுருள். மேலே உலோகம் வந்தால் சுருளின் அதிர்வெண் மாறும். அதை எண்ணிப் பார்ப்பதுதான் சிப்பின் வேலை.

நிரலும் எளிது. குறைந்தபட்சப் பச்சை, வண்டி வர வர சில விநாடி நீட்டிப்பு, அதற்கு ஓர் உச்சவரம்பு. உச்சவரம்பு இல்லாவிட்டால் பெரிய சாலையில் வண்டி ஓயும்வரை மற்றவர்கள் நிற்க வேண்டியதுதான்.

ஆனால் மனிதன் உலோகம் இல்லையே! கம்பிச்சுருளுக்கு லாரி தெரியும், கார் தெரியும், பைக் அரைகுறையாகத் தெரியும், பாட்டி தெரியவே மாட்டார். லேன் பார்க்காமல் ஓடும் நம் கலப்புப் போக்குவரத்துக்கென்றே திருவனந்தபுரம் சி-டாக் 'கோசிகோஸ்ட்' என்ற முறையை உருவாக்கியது. நல்ல வேலை. இப்போது கேமராக்களும் வந்துவிட்டன. இருந்தும் பல சந்திப்புகளில் பட்டன் கிடையாது, இருந்தால் வேலை செய்யாது.

ஒரு சின்னக் கணக்கு. நடப்பவர் வேகம் விநாடிக்கு 1.2 மீட்டர் என்று வைப்பது வழக்கம். 12 மீட்டர் சாலைக்கு 10 விநாடி. முழங்கால் வலியோடு 0.8 மீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு 15 விநாடி. அந்த 5 விநாடி இல்லாவிட்டால் அவர் நடுரோட்டில் நிற்பார். ஊரிலிருந்து பேரனைப் பார்க்க வந்து, பாஷை தெரியாத ஊரில் எதிர்க்கடைக்குப் பால் வாங்கப் போகும் நம் அப்பா அம்மாவுக்குத்தான் அந்த 5 விநாடி.

அதனால் என்னிடம் வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, "தாத்தா எந்த வரியில் கடக்கிறார்?" என்றுதான். உங்கள் வீட்டு ப்ராஜெக்ட்டிலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஒரு பட்டனும் நாலு வரியும் போதும்.