ஊர்க்காரர் என்ற தகுதி: வட-கிழக்கு இலங்கையில் மனிதாபிமானப் பணி

தொண்டு நிறுவன வேலையின் சாதக பாதகங்களைப் பேசுவோர் வழக்கமாக ஒரு கணக்குப் போடுவார்கள்: வரவில் மனநிறைவு, செலவில் குறைந்த சம்பளமும் ஓயாத அலைச்சலும். வெளியிலிருந்து வந்து, ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்புகிறவரின் கணக்கு இது. பேரிடர் விழுந்த ஊரிலேயே பிறந்து, அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவருக்கு இது பொருந்தாது. 2004 ஆழிப்பேரலையிலிருந்து 2009இல் போர் முடிந்தது வரையிலான வட-கிழக்கு இலங்கை இதற்குச் சான்று. அங்கே உள்ளூர் ஊழியருக்கு ஆதாயத்தைத் தந்ததும் ஆபத்தைத் தந்ததும் ஒன்றேதான்: அவர் ஊர்க்காரர் என்பது.

ஆதாயத்தைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. சாரதி, கணக்காளர், கள உத்தியோகத்தர் என எந்தப் பதவியானாலும், சர்வதேச நிறுவனங்கள் கொடுத்த சம்பளம் அதே தகுதிக்கு அரச சேவை கொடுத்ததைவிடப் பொதுவாகக் கூடுதல். அரசியல்வாதியின் சிபாரிசுக் கடிதத்துக்கு அலையாமல் படித்த இளைஞர் பெறக்கூடிய வேலைகள் அந்த நாட்களில் அதிகம் இல்லை. சம்பளத்தைவிடப் பெரிது ஊரில் கிடைத்த இடம். யாருடைய வள்ளம் உண்மையில் போனது, எந்தக் குடும்பம் உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அந்த அறிவு இல்லாமல் எந்த நிறுவனமும் ஒரு பயனாளிப் பட்டியலைக்கூடத் தயாரித்திருக்க முடியாது.

அதே பட்டியல்தான் அவருக்கு முதல் சிக்கலும். ஆழிப்பேரலைக்குப் பின் அரசு கரையோரத்தில் வீடு கட்டத் தடை விதித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர். தடையெல்லைக்குள் குடியிருந்தவரிடம் போய், "உங்கட காணியில வீடு கட்ட ஏலாது, வேற இடம் தருவினம்" என்று சொல்ல வேண்டியவர் கள உத்தியோகத்தர். எல்லையை வகுத்தது கொழும்பு, உதவி நிபந்தனைகளை வகுத்தது நிறுவனம். ஏச்சு வாங்கியது இவர். அலுவலகம் ஐந்து மணிக்கு மூடும், ஊர் மூடாது. இரவு கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் பட்டியலில் பெயரில்லாதவர் எதிரே நிற்பார்.

மூதூரில் நடந்தது இதைவிடக் கொடியது. பட்டினிக்கு எதிரான அமைப்பின் ஊழியர் குழு 2006 ஆகஸ்ட் 1 அன்று திருகோணமலையிலிருந்து அங்கே போனது. மறுநாள் அரச படையினருக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே சண்டை மூண்டு, திரும்பும் வழி அடைபட்டது. சின்னம் தெரியும்படி அலுவலகத்திலேயே இருக்கும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஆகஸ்ட் 4ஆம் தேதிக்குப் பின் தொடர்பு இல்லை. 17 பேர் கொல்லப்பட்டார்கள்; அவர்களில் 15 பேரின் சடலங்கள் அலுவலக வளாகத்தில் கிடைத்தபோது அவர்கள் நிறுவனத்தின் டி-சட்டையை அணிந்திருந்தார்கள். கொல்லப்பட்ட 17 பேரில் 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். வெளிநாட்டவர் ஒருவரும் இல்லை. போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு அரச படையினரைப் பொறுப்பாளிகளாகச் சுட்டியது, அரசு மறுத்தது. எவரும் தண்டிக்கப்படவில்லை. உலகெங்கும் காப்பாற்றும் என்று நம்பப்பட்ட சின்னம் அங்கே காப்பாற்றவில்லை. அந்த டி-சட்டைக்குள் இருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் போரில் ஒரு பக்கமாகவே பார்க்கப்பட்ட ஓர் இனத்தவர் என்பதை ஒதுக்கிவிட்டு இதை விளக்க முடியாது.

2008 செப்டம்பரில் அரசின் உத்தரவை ஏற்று ஐ.நா.வும் பெரும்பாலான சர்வதேச நிறுவனங்களும் கிளிநொச்சியைவிட்டு வெளியேறின. போக வேண்டாமென்று மக்கள் ஐ.நா. அலுவலக வாசலில் திரண்டு மன்றாடினார்கள். வெளிநாட்டு ஊழியர் வாகனம் ஏறினார்கள். கிளிநொச்சி அடங்கிய வன்னியைச் சேர்ந்த ஊழியர்களுக்கும் குடும்பங்களுக்கும் வெளியேறப் புலிகள் அனுமதி தரவில்லை; பலர் அங்கேயே அகப்பட்டார்கள். நிவாரணம் கொடுத்தவர் அன்று முதல் நிவாரணத்துக்குக் காத்திருப்பவரானார். வட இலங்கையின் உள்ளூர் ஊழியர் சுமார் 400 பேரிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில் 58 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் 53 விழுக்காட்டினரிடம் பதற்றத்தின் அறிகுறிகளும் காணப்பட்டதில் வியப்பில்லை.

வெளிநாட்டு ஊழியரும் உயிரிழக்கவில்லையா என்று கேட்கலாம். 2003 ஆகஸ்ட் 19 அன்று பாக்தாத் ஐ.நா. அலுவலகத்தில் நடந்த குண்டுவெடிப்பில் ஈராக்குக்கான ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி செர்ஜியோ வியேரா டி மெல்லோ உட்பட 22 பேர் இறந்தார்கள். உலக மனிதாபிமான தினம் அந்த நாளில்தான் வருகிறது. அவர்களின் தியாகத்தை இவ்வாதம் குறைக்கவில்லை. ஆபத்து முற்றும்போது வெளிநாட்டவருக்கு ஒரு வழி இருக்கிறது, அதுதான் புறப்பாடு. உள்ளூரவர் புறப்பட்டால் அகதியாகிறார்.

2016இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான மாநாட்டையொட்டி, 2020க்குள் மனிதாபிமான நிதியில் 25 விழுக்காட்டை இயன்றவரை நேரடியாக உள்ளூர், தேசிய அமைப்புகளுக்கு வழங்குவதாகக் கொடையாளர்களும் நிறுவனங்களும் ஒப்புக்கொண்டார்கள். இலக்கு எட்டப்படவில்லை. எட்டப்பட்டிருந்தாலும் பணம் மட்டும் இடம்மாறினால் போதாது. பணத்தோடு ஆபத்தும் முழுமையாக உள்ளூரவர் தலையில் இறங்கிவிடும். ஊழியரின் குடும்பத்தையும் வெளியேற்றத் திட்டத்தில் சேர்ப்பது, திட்டம் முடிந்த பிறகும் தொடரும் காப்புறுதி, இருப்பதா போவதா என்று களத்தில் நிற்பவரே முடிவெடுக்கும் உரிமை ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இடம்பெற வேண்டும். மூன்றாவதைத்தான் நிறுவனங்கள் எளிதில் விட்டுக்கொடுக்கமாட்டா. மூதூர் ஊழியர்களிடம் இல்லாதிருந்ததும் அதுவே.